சும்மா கிடந்த வயர்லெஸ் மவுஸ் ஏன் திணறுகிறது? தூங்குவது யார் என்று முதலில் பாருங்கள்

திரையில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு மவுஸை நகர்த்துகிறீர்கள். பாயிண்டர் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அரை நொடி கழித்து ஒரே தாவலாக எங்கோ போய் விழுகிறது. அதற்குப் பின் ஒரு குறையும் இல்லை. விடாமல் வேலை செய்தால் வெண்ணெய் போல ஓடுகிறது. கையை எடுத்து ஒரு நிமிடம் கழித்துத் தொட்டால் மறுபடி அதே திணறல்.

இந்தக் கோளாறுக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள்: பேட்டரியை மாற்று, டிரைவரை அப்டேட் செய், புது மவுஸ் வாங்கு. மூன்றாவது யோசனையால் நல்ல மவுஸ்கள் நிறைய வீணாகின்றன. சும்மா இருந்த பிறகு மட்டும் வரும் தாமதம் என்றால், வழியில் ஏதோ ஒன்று தூங்கப் போயிருக்கிறது என்று பொருள். மவுஸுக்குள் இருக்கும் சென்சார் தூங்கலாம். மவுஸின் சிக்னலை வாங்கும் குட்டி ரிசீவர் செருகியிருக்கும் யுஎஸ்பி போர்ட்டைக் கணினி தூங்க வைத்திருக்கலாம். ப்ளூடூத் இணைப்பே அறுந்து, தொட்டவுடன் மறுபடி கட்டப்படலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எனவே எந்த செட்டிங்கிலும் கை வைக்கும் முன் இரண்டு எண்கள் தேவை: எவ்வளவு நேரம் சும்மா விட்டால் திணறல் வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது.

முதல் எண்ணுக்கு ஒரு கடிகாரம் போதும். மவுஸை 5 நொடி விட்டுத் தொடுங்கள், பிறகு 30 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், அரை மணி. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை செய்து குறித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் இடைவெளியில் மேசையைத் தட்டாதீர்கள். சிறு அதிர்வுகூடச் சென்சாரை எழுப்பிவிடும், கணக்கு கெட்டுவிடும்.

இரண்டாவது எண்ணுக்குக் கைபேசியின் ஸ்லோ மோஷன் வீடியோ அருமையான கருவி. நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் வசதி இருந்தால், மவுஸும் திரையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி கைபேசியை நிறுத்தி வைத்துப் படம் பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, கை அசையத் தொடங்கிய பிரேமுக்கும் பாயிண்டர் அசைந்த பிரேமுக்கும் இடையே எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு பிரேம் என்பது ஏறத்தாழ 4.2 மில்லிநொடி. விழித்திருக்கும் மவுஸில் 10 முதல் 15 பிரேம் வந்தால் அதில் வியப்பில்லை; 60 ஹெர்ட்ஸ் திரை ஒருமுறை புதுப்பிக்கவே 16.7 மில்லிநொடி எடுக்கிறது. 120 பிரேம் வந்தால் அரை நொடி. 500க்கு மேல் போனால் 2 நொடியைத் தாண்டிவிட்டது, அது வேறு வகை நோய். கண்ணுக்கு எல்லாமே 'லேட்' என்றுதான் படும். எண்ணிப் பார்த்தால்தான் அரை நொடிக்காரனும் இரண்டு நொடிக்காரனும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

மவுஸ் எப்படித் தூங்குகிறது என்று தெரிந்தால் இந்த எண்களைப் படிப்பது எளிது. ஆப்டிகல் மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. வேலை செய்யும்போது நொடிக்கு ஆயிரக்கணக்கில் மேசைப் பரப்பைப் படம் எடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடுகிறது. அசைவு நின்றதும் படிப்படியாகத் தூக்கத்துக்குள் இறங்குகிறது. சில நொடிகளில் முதல் படி. அப்போது சில பத்து மில்லிநொடிக்கு ஒருமுறைதான் படம் எடுக்கும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் நொடிக்குப் பத்துப் படம். பல நிமிடம் கழிந்தால் மிக ஆழமான படி, அரை நொடிக்கு ஒரு படம். அந்த அரை நொடி இடைவெளிக்குள் நீங்கள் கையை வைத்தால், அடுத்த படம் எடுக்கும்வரை மவுஸுக்கு எதுவும் தெரியாது. சிவப்பு விளக்கு உள்ள மவுஸைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும்: முதலில் நின்று எரியும், பிறகு மங்கும், பிறகு விட்டு விட்டு மினுக்கும், கடைசியில் சிலவற்றில் முழுதாக அணைந்துவிடும். அகச்சிவப்பு விளக்கு உள்ளவை வெறும் கண்ணுக்கு இருட்டுதான். கைபேசியின் முன்பக்கக் கேமரா வழியே பார்த்தால் பெரும்பாலும் ஊதா நிறத்தில் தெரிந்துவிடும்.

இந்த வடிவமைப்பு இல்லாவிட்டால் ஒரு செல் சில நாள்களில் தீர்ந்துபோகும். ஆகவே 10 நிமிடத்துக்குப் பின் முதல் அசைவில் கால் நொடி, அரை நொடி பிந்துவது பல மவுஸ்களில் இயல்பு. அதைச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்க மெனக்கெட வேண்டாம். 5 நொடியிலோ 30 நொடியிலோ அதே தாமதம் வந்தால்தான் மேலே தேட வேண்டும்.

அடுத்து இரண்டு சின்னச் சோதனைகள். மடிக்கணினி என்றால், மவுஸ் திணறும் அதே கணத்தில் இன்னொரு கையால் டச்பேடைத் தொடுங்கள். டச்பேடில் பாயிண்டர் உடனே ஓடினால் கணினி விழித்திருக்கிறது, குற்றம் மவுஸ் பக்கமோ அதன் இணைப்புப் பக்கமோ இருக்கிறது. டச்பேடும் சேர்ந்து திணறினால் மவுஸை விட்டுவிடுங்கள். நின்றுபோன ஹார்டு டிஸ்க் மறுபடி சுழலத் தொடங்குவதோ, பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு நிரலோ கணினியையே நிறுத்தி வைக்கிறது.

இரண்டாவது, அசைக்காமல் கிளிக் செய்து பார்ப்பது. கிளிக் பொத்தான் ஒரு சாதாரண சுவிட்ச். அழுத்தியதும் மவுஸின் சிப்பை நேரடியாக எழுப்பிவிடும், கேமராவின் அடுத்த படத்துக்காகக் காத்திருக்காது. பாயிண்டரை வெற்றிடத்தில் நிறுத்திவிட்டு, சும்மா விட்ட பிறகு மவுஸை அசைக்காமல் வலது கிளிக் மட்டும் செய்யுங்கள். மெனு உடனே திறந்து, ஆனால் வேறொரு முறை அசைத்துப் பார்க்கும்போது தாமதம் வந்தால், சென்சார் தூக்கம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிளிக்கும் பிந்தினால் ரேடியோ இணைப்பு, யுஎஸ்பி, பேட்டரி ஆகியவற்றில் ஒன்று. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: சில ரிசீவர்கள் தாங்கள் தூங்கும்போது கிளிக்குக்கு மட்டும் எழும், அசைவுக்கு எழாது. அந்த ஐயத்தைத் தீர்க்க, ரிசீவரை வேறொரு கணினியில் செருகி அதே நேரக் கணக்கில் சோதியுங்கள். அங்கே நன்றாக ஓடினால் மவுஸ் நிரபராதி.

இப்போது யுஎஸ்பி போர்ட்டின் தூக்கம். 5 நொடி, 10 நொடி போன்ற குறுகிய ஓய்வுக்கே திணறல் வருவதும், சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டும்போது மட்டும் வருவதும் இதன் அடையாளங்கள். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் என்று போனால் யுஎஸ்பி செட்டிங்ஸ் என்ற கிளை இருக்கும். அதற்குள், சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் செட்டிங்கை டிஸேபிள்டு ஆக்குங்கள். மடிக்கணினியில் 'ஆன் பேட்டரி', 'பிளக்டு இன்' என இரண்டு வரி இருக்கும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பலன் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். செட்டிங்ஸ் செயலியிலும் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியில் யுஎஸ்பி என்ற பக்கத்தில் பேட்டரி சேமிப்புக்கான ஒரு சுவிட்ச் உண்டு. திரை அணைந்திருக்கும்போது கருவிகளை நிறுத்துவது அதன் வேலை. திரை அணைந்து எழுந்த பிறகு மட்டும் மவுஸ் திணறினால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

அதன்பின் டிவைஸ் மேனேஜர், அதாவது கணினியோடு இணைந்த கருவிகளின் பட்டியல். இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லா ரூட் ஹப்பிலும் (யுஎஸ்பி போர்ட்டுகள் கிளை பிரியும் மையம்) மின்சாரச் சேமிப்பு டிக்கை எடுப்பதைவிட, உங்கள் ரிசீவர் எந்த ஹப்பின் கீழ் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. வியூ மெனுவில் டிவைசஸ் பை கனெக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் மர வடிவில் மாறும். கிளைகளை விரித்துக்கொண்டே போனால் ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் மவுஸ் என்ற வரி கிடைக்கும். அதற்கு மேலே யுஎஸ்பி இன்புட் டிவைஸ், அதற்கு மேலே பெரும்பாலும் யுஎஸ்பி காம்போசிட் டிவைஸ், அவற்றுக்கு மேலே ரூட் ஹப். சந்தேகமாக இருந்தால் ரிசீவரைக் கழற்றுங்கள். எந்த வரி மறைகிறதோ அதுதான். இந்த வரிசையில் ஒவ்வொன்றின் பிராபர்ட்டீஸிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் டிக்கை நீக்குங்கள். பிறகு ரிசீவரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற புதுவகைத் தூக்க முறை இருப்பதால் அந்தப் பக்கமே தென்படாது. அங்கே பவர் ஆப்ஷன்ஸ் வழியாக மாற்றியதோடு நிறுத்திக்கொள்ளலாம். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பின் பழைய திணறல் திரும்பினால், நீக்கிய டிக் மறுபடி விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மானிட்டரில் உள்ள யுஎஸ்பி போர்ட்டிலோ டாக்கிங் ஸ்டேஷனிலோ ரிசீவரைச் செருகியிருந்தால், சோதனை முடியும்வரை அதை நேராகக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். மானிட்டர் தூங்கும்போது அதன் ஹப்பும் சேர்ந்து தூங்குவது உண்டு. அந்தத் தூக்கத்தை விண்டோஸ் செட்டிங் எதுவும் கட்டுப்படுத்தாது. மானிட்டரின் சொந்த மெனுவில் ஸ்டாண்ட்பையில் யுஎஸ்பிக்கு மின்சாரம் தரும் தேர்வு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

லினக்ஸில் கதை சற்று வேறு. அதன் மையக் கருவான கெர்னல் தானாக மவுஸ் ரிசீவர்களைத் தூங்க வைப்பதில்லை. மின்சாரம் சேமிக்க நிறுவிய கருவிதான் பெரும்பாலும் அதைச் செய்கிறது. அத்தகைய கருவியான பவர்டாப்பின் ஆட்டோ டியூன், சும்மா இருந்தால் தானாகத் தூங்க வைக்கும் ஆட்டோசஸ்பெண்டை எல்லா யுஎஸ்பி கருவிகளுக்கும் இயக்கிவிடும். 2 நொடி சும்மா விட்டாலே மவுஸ் உறங்கி, கிளிக் செய்தால்தான் எழும் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. பவர்டாப்பைத் திறந்து டியூனபிள்ஸ் பக்கத்தில் உங்கள் ரிசீவரின் வரியில் என்டர் தட்டினால் 'குட்' என்பது 'பேட்' ஆகும். பேட் என்றால் மின்சாரச் சேமிப்பு இல்லை என்று பொருள், பயப்பட ஒன்றுமில்லை. இந்த மாற்றம் மறுதொடக்கம் வரைதான் தாங்கும். நிலைக்க வேண்டுமானால், ரிசீவரின் பவர் கன்ட்ரோல் மதிப்பை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்' ஆக்கும் ஒரு யூடெவ் விதியை (கருவியைச் செருகும்போது லினக்ஸ் தானாகப் பின்பற்றும் கட்டளை) எழுதி வையுங்கள்.

ப்ளூடூத் மவுஸுக்குத் தனிக் கணக்கு. சில நிமிடம் வரை நன்றாக இருந்து, நீண்ட ஓய்வுக்குப் பின் 1 முதல் 3 நொடி வரை செத்துக் கிடந்து, பிறகு உயிர் பெற்றால், இணைப்பே அறுந்து மறுபடி கட்டப்படுகிறது என்று கொள்ளலாம். மவுஸ் ஆழமாகத் தூங்கும்போது பேட்டரியைக் காக்க இணைப்பைத் தானே விட்டுவிடுகிறது. தொட்டதும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சின்னச் சின்ன அறிவிப்புகளை அனுப்பும். கணினியோ மின்சாரம் மிச்சப்படுத்த இடைவெளி விட்டுத்தான் காது கொடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சேனலில் சந்தித்தால்தான் இணைப்பு கூடும். இந்தத் தாமதத்தைக் குறைக்கலாம், முழுதாக நீக்க முடியாது. டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுப்பது முதல் வேலை. லினக்ஸில் ப்ளூடூத் டிரைவரான பிடியுஎஸ்பி மாட்யூலின் ஆட்டோசஸ்பெண்டை அணைப்பது அதற்கு நிகரானது. உங்கள் மவுஸ் ரிசீவர், ப்ளூடூத் இரண்டிலும் ஓடக்கூடியது என்றால் ஒரு நாள் ரிசீவரில் ஓட்டிப் பாருங்கள். நீண்ட ஓய்வுத் திணறல் அங்கே காணாமல் போனால் விடை கிடைத்துவிட்டது. ஒரு போர்ட் செலவாவதைத் தவிர வேறு நட்டம் இல்லை.

மடிக்கணினிகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில், ஆன்டெனாவையும் பகிர்ந்துகொண்டு இருக்கின்றன. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் இரண்டும் ஒரே காற்றில் முறை வைத்துப் பேச வேண்டும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றுங்கள். ஆனால் இந்த நெரிசலால் வரும் திணறலுக்கு ஓய்வோடு தொடர்பு கிடையாது. பெரிய கோப்பு இறங்கும்போது, மவுஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டு துண்டாக வரும்.

அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் காற்றைக் கெடுக்கும் இன்னொன்று யுஎஸ்பி 3 இரைச்சல். 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் யுஎஸ்பி 3 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கசிய விடுகின்றன. இன்டெல் 2012 ஏப்ரலில் இதைப் பற்றி ஒரு வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைத்ததும் அருகே இரைச்சல் 20 டெசிபல் வரை ஏறுவதை அதில் அளந்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் ரிசீவர் வெளி ஹார்டு டிஸ்க்கின் கேபிளுக்கு அடுத்த போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் விழித்தெழும் மவுஸ் அனுப்பும் முதல் சில தகவல் பாக்கெட்டுகள் தொலைந்து, ஓய்வுத் தாமதம் இன்னும் நீளும். ஒரு மீட்டர் நீளமுள்ள யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைச் செருகி மவுஸுக்கு 20, 30 சென்டிமீட்டர் அருகே கொண்டுவந்து வையுங்கள். மேசைக்கடியில் இருக்கும் டெஸ்க்டாப் பெட்டியின் பின்பக்கம் ரிசீவரைச் செருகியிருப்பவர்கள் மற்ற எதற்கும் முன் இதைச் செய்யலாம். இரும்புப் பெட்டி சிக்னலை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

பேட்டரியைக் கடைசியாகச் சொல்கிறேன் என்பதால் அது சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். தூங்கும் மவுஸ் மைக்ரோஆம்ப் கணக்கில்தான் மின்சாரம் எடுக்கிறது. எழுந்ததும் சென்சார், விளக்கு, ரேடியோ மூன்றும் ஒன்றாகக் கேட்பதால் தேவை மில்லிஆம்ப் அளவுக்குத் தாவுகிறது. ஒற்றைச் செல் மவுஸில் 1.5 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் பூஸ்ட் கன்வர்ட்டரும் அந்த நேரத்தில் செல்லிலிருந்து கூடுதலாக உறிஞ்சும். தேய்ந்த செல்லின் உள்தடை, அதாவது செல்லே மின்னோட்டத்துக்குத் தரும் எதிர்ப்பு, அதிகம். கேட்டவுடன் வோல்ட் சரிகிறது, சிப் தடுமாறுகிறது, சில நேரம் முழுதாக ரீசெட் ஆகி ரிசீவரைப் புதிதாகத் தேடுகிறது. மவுஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதற்கும், எழும்போது மட்டும் திணறுவதற்கும் இதுவும் ஒரு நேரான காரணம்.

மல்டிமீட்டரில் செல்லைத் தனியாக அளந்து 1.4 வோல்ட் காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். சுமை இல்லாத அளவு அது. 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்து சில நொடி அளந்து பாருங்கள். புதிய ஆல்கலைன் செல் லேசாகத்தான் இறங்கும், தேய்ந்தது 1.2க்குக் கீழே விழும். 'ஹெவி ட்யூட்டி' என்று அச்சிட்ட செல்கள் பெரும்பாலும் ஜிங்க் கார்பன் வகை. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போதும். உள்தடை அதிகம் என்பதால் மவுஸுக்கு ஆல்கலைன்தான் பொருத்தம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட், நன்றாகவே ஓடும், ஆனால் கடைசிவரை வோல்ட் பெரிதாக மாறாததால் மென்பொருள் காட்டும் பேட்டரி சதவீதத்தை நம்பக் கூடாது. இரண்டு செல் போடும் மவுஸில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

செல்லை எடுத்த கையோடு ஸ்பிரிங்கையும் எதிர்முனைத் தகட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஆல்கலைன் கசிந்திருக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சியில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்துக் கரையும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கால் மணி நேரம் உலர விட்டுச் செல்லைப் போடுங்கள். பொடி இல்லாமல் பளபளப்பு மட்டும் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும். இந்தச் சின்ன வேலைக்குப் பின் பல மவுஸ்கள் புதிதுபோல எழுவது, புதிய டிரைவர் எதுவும் தராத பலன்.

பரப்பும் ஒரு காரணம். தூக்கத்தில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அசைவு பிடிபட வேண்டும். கண்ணாடி மேசை, பளபளக்கும் லேமினேட் ஆகியவற்றில் பிடிக்கச் சொரசொரப்பே இருக்காது. ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் சோதியுங்கள். தாளில் தாமதம் குறைந்தால் துணி மவுஸ்பேட் ஒன்று போதும். சென்சார் துளையில் சிக்கிய ஒற்றை முடியையும் அப்படியே ஊதி எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தும், இன்னொரு கணினியில் புதிய செல்லோடு 30 நொடி ஓய்வுக்கே அரை நொடித் திணறல் வந்தால், தூக்க நேரம் மவுஸுக்குள் பதிந்திருக்கும் நிரலான பர்ம்வேரிலேயே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் மென்பொருளில் பர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். கேமிங் மவுஸ்கள் சிலவற்றில் எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டும் என்று நீங்களே குறிக்கலாம். அதை நீட்டினால் செல் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். இரண்டும் இல்லாத மவுஸில் ஒரு பழக்கம் உதவும்: கையை வைத்ததும் அசைப்பதற்கு முன் ஸ்க்ரோல் சக்கரத்தை ஒரு சொடுக்கு சுற்றுங்கள். பல மவுஸ்களில் சக்கரமும் பொத்தானைப் போலவே சிப்பை நேராக எழுப்பும். உங்கள் கை நகரத் தொடங்கும்போது கேமரா விழித்திருக்கும்.